பொதுத் தொலைக்காட்சியை விட்டகன்ற பந்தயம்

1999 முதல் 2017 வரை பார்முலா 1 கார்ப் பந்தயம் நடைபெற்ற செப்பாங் ஓடுகளம் சிலாங்கூர் மாநிலத்திலேயே உள்ளது. 2005இல் கோவைத் தமிழர் நாராயண் கார்த்திகேயனும் அங்கே ஓட்டினார். அதே மாநிலத்தின் வடபால், கோல சிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான் வட்டாரத் தோட்டங்களில், லயத்து வீட்டுக் கூரைகளில் அஸ்ட்ரோ தட்டு ஏறியது 1996க்குப் பின்னர். தமிழ் நிகழ்ச்சிகளே அதற்குப் பெருங்காரணம். விளையாட்டுத் தொகுப்புக்கோ தனிக் கட்டணம்! பந்தயம் அத்தொகுப்பினுள் அடங்குமாயின், உழைப்பாளி குடும்பம் இருமுறை பணம் கட்ட வேண்டும்.

பொது நிலையங்கள் பந்தயத்தை இழந்த வரலாறு பிரிட்டனில் தெளிவாகத் தெரிகிறது. பி.பி.சி. காட்டிவந்த பார்முலா 1, 1997இல் ஐ.டி.வி. என்னும் வணிக நிலையத்திற்குச் சென்றது. அதுவும் சந்தா கேளாதது. ஆகவே காண்போருக்கு நட்டமில்லை. 2009இல் பி.பி.சி. அதனை மீட்டது. ஆனால் மறு ஆண்டே அரசு உரிமக் கட்டணத்தை உயர்த்தாமல் நிறுத்திவிட்டது. செலவைக் குறைக்கும் பொருட்டு, 2012 முதல் பந்தயங்களைச் சந்தா நிறுவனமாகிய ஸ்கையோடு பங்கிட்டது. 2015 இறுதியில், ஒப்பந்தக் காலம் முடியுமுன்னரே விலகியது. இடையில் சானல் 4 சில ஆண்டு தாங்கியது. 2019 முதல் பிரிட்டிஷ் பந்தயம் நீங்கலாக நேரடி ஒளிபரப்பு அனைத்தும் ஸ்கையிடம் சேர்ந்தன.

சட்டம் ஏன் தடுக்கவில்லை? சந்தா நிலையங்கள் மட்டுமே கைக்கொள்ளலாகாத போட்டிகளுக்கு அங்கே ஒரு பட்டியல் உண்டு. ஒலிம்பிக், விம்பிள்டன் இறுதியாட்டம், டெர்பி குதிரைப் பந்தயம் ஆகியன அதில் உள. குதிரைக்கு இடந்தந்தவர்கள் மோட்டாருக்குத் தரவில்லை. இத்தனைக்கும், முதல் உலக வாகையர் தொடரின் தொடக்கப் பந்தயம் 1950 மே 13இல் நடந்தது அந்நாட்டுச் சில்வர்ஸ்டன் களத்தில்தான்.