கன்னிமாரா மண்டபத்தின் கண்ணாடி வானம்

வேளச்சேரியில் வாழும் நமக்குக் கண்ணாடிக்குப் பஞ்சமில்லை. ஏரியை நெருக்கியும் பெருஞ்சாலை நெடுகிலும் எழுந்து நிற்கும் வணிக மாளிகைகள் அடிமுதல் முடிவரை கண்ணாடியையே போர்த்தியிருக்கின்றன. ஆனால் அக்கண்ணாடி வெயிலை வாங்கி எதிரே வருவோர் கண்ணில் வீசுகின்றது. உள்ளேயோ நண்பகலிலும் மின்விளக்கு எரிகின்றது. ஒளியை உள்ளே அழைத்து, அதற்கு நிறமூட்டி, கீழே அமர்ந்து படிப்பவனின் மேசைவரை கொண்டு சேர்க்கும் கண்ணாடியைக் காண வேண்டுமானால் நாம் எழும்பூருக்குச் செல்ல வேண்டும். பாந்தியன் சாலை அருங்காட்சியக வளாகத்திலுள்ள கன்னிமாரா நூலகத்தின் பழைய மண்டபமே அது.

இந்நூலகத்தின் தொடக்கம் மிக எளியது. இங்கிலாந்தின் ஹெய்லிபரிக் கல்லூரியில் மிகுந்துபோன நூல்கள் சென்னைக்கு அனுப்பப்பட, அருங்காட்சியகத்தின் பொறுப்பிலிருந்த காப்டன் ஜெஸ்ஸி மிட்செல் 1860களில் அவற்றைக் கொண்டு ஒரு சிறு நூலகம் அமைத்தார். பொதுமக்களுக்கென்று தனி மண்டபம் வேண்டும் என்னும் எண்ணத்திற்கு உருக்கொடுத்தவர் ஆளுநர் கன்னிமாரா பிரபு. 1890 மார்ச் 22இல் அவரே அடிக்கல் நாட்டினார். அவர் பதவி நீங்கிச் சென்ற பின், 1896 டிசம்பர் 5இல் மண்டபம் திறக்கப்பெற்றது. அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள ஒரு நிலப்பகுதியின் பெயரே கன்னிமாரா. தமிழ் நாவில் அது நம்மூர்க் கன்னிமார் பெயர்போல ஒலிப்பதால், அயல்நாட்டுப் பெயரென்ற நினைவே பலருக்கு எழுவதில்லை.

கட்டடக் கலைஞர் ஹென்றி இர்வின். நீண்ட மண்டபம்; தேக்குமரப் பேழைகளில் நூல்கள்; தூண்கள் ஏந்திய வளைவுகள்; அவற்றுக்கு மேலே வண்ணக் கண்ணாடி பதித்த கூரை. அண்ணாந்து பார்த்தால் கண்ணில் நிற்பவை இலையும் பூவுமே. கண்ணாடியைச் சூழ்ந்த வளைவுகளில் அகாந்தஸ் என்னும் செடியின் பிளவுபட்ட இலைகள் சுருண்டு விரிகின்றன. கிரேக்கர் தூண்தலைகளில் செதுக்கிய அதே இலைதான். எங்கோ உள்ள செடியென்று எண்ண வேண்டா. பிச்சாவரத்துக் கழிகளில் நீல மலர் சூடி நிற்கும் கழுதைமுள்ளி அதன் நெருங்கிய உறவு.

இவ்விலையை நாமும் அறியாதவரல்லோம். ஹிஜ்ரி 72இல், அதாவது கி.பி. 691-92இல், பைத்துல் முகத்தஸில் எழுந்த குப்பத்துஸ் ஸக்ராவின் உட்சுவர்களில் பொன்னும் பச்சையுமான சிறுசிறு கண்ணாடிக் கற்களால் ஆன ஓவியங்களைக் காணலாம். அங்கே மனிதரோ விலங்கோ இல்லை. மரங்களும் கொடிகளும் இந்த அகாந்தஸ் இலையுமே உள்ளன. உயிருருவங்களைத் தொழுமிடத்தில் தவிர்த்த கைகள் செடிகொடிகளின்மீது செலுத்திய அன்பு, பிற்காலத்தில் உலகெங்கும் ஒரு தனிக் கலையாகவே வளர்ந்தது. சாளரங்களிலும் அவ்வாறே. எரிகோவுக்கு அருகிலுள்ள உமையாக்களின் மாளிகையாகிய கிர்பத்துல் மஃப்ஜரின் இடிபாடுகளில், சுண்ணச் சட்டத்தில் வண்ணக் கண்ணாடி பதித்த சாளரத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. அவை 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை.

வண்ணம் எவ்வாறு பிறக்கின்றது? உருகிய கண்ணாடியில் கோபால்ட் சேர்ந்தால் நீலம், செம்பு சேர்ந்தால் பச்சை, மாங்கனீசால் ஊதா, மிகச் சிறிதளவு பொன்னால் மாணிக்கச் சிவப்பு. மஞ்சளுக்கு வேறொரு வழியும் உண்டு. வெள்ளிச் சேர்மத்தைக் கண்ணாடிமேல் பூசிச் சூளையிலிட்டால், வெள்ளி உள்ளே ஊறிப் பொன்னொளி காட்டும். இந்த நுட்பத்தை 8ஆம் நூற்றாண்டிலேயே எகிப்து நாட்டார் தம் கண்ணாடிக் கலங்களில் கையாண்டனர். ஐரோப்பியத் தேவாலயச் சாளரங்களில் அது காணப்படுவது 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். மேல்நாட்டாரின் கலையென்றே நாம் எண்ணும் வண்ணச் சாளரத்தின் மஞ்சளுக்குள் நைல் நதிக்கரையின் நினைவும் கலந்திருக்கின்றது. வெட்டிய துண்டுகளை ஈயப் பட்டைகளால் கோத்துச் சட்டத்தில் பொருத்துவது முடிவான பணி.

இதே இர்வின் சில ஆண்டுகளுக்குப் பின் மைசூருக்குச் சென்றார். 1897இல் அங்கே மர அரண்மனை எரிந்துபோக, 1912இல் முடிவுற்ற புதிய அரண்மனையை வடிவமைத்தவர் அவரே. அதன் கல்யாண மண்டபக் கூரையில் மயில்கள் தோகை விரிக்கின்றன. மைசூர்க் கலைஞர்கள் தீட்டிய உருவங்களைக் கண்ணாடியாக்கித் தந்தது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம். அழகிலும் பரப்பிலும் மைசூரே விஞ்சி நிற்கின்றது, அதை மறுப்பதற்கில்லை. எனினும் நமது மனம் எழும்பூரையே நாடுகின்றது. அந்த மயில்கள் அரச குலத்துத் திருமணங்களுக்காக ஆடியவை; இந்த இலைகள் யாருக்கென்று குறிப்பிடாமல் பொதுமக்களுக்காகத் தளிர்த்தவை. கோயிலுக்குச் செல்பவரும் மாதா கோயிலுக்குச் செல்பவரும் பள்ளிவாசலுக்குச் செல்பவரும் ஒரே மேசையில் அமரும் இடத்தில், எவருடைய வழிபாட்டுக்கும் உரியதல்லாத, எவருக்கும் அயலல்லாத உருவம் இலையைத் தவிர வேறென்ன இருக்கக்கூடும்? இர்வின் இதை எண்ணித்தான் செய்தாரோ, அக்காலத்து வழக்கப்படியே செய்தாரோ, விளைந்த பயன் இதுவே.

1950இல் கன்னிமாரா மாநில மைய நூலகமாயிற்று. 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்தியாவில் அச்சாகும் நூல்களின் படிகளைப் பெறும் நான்கு நூலகங்களுள் ஒன்றுமாயிற்று. நூல்கள் பெருகின; இடம் போதவில்லை. 1973இல் அருகே புதிய கட்டடம் எழுந்தது. வாசகர்கள் அங்கே குடிபெயர, பழைய மண்டபம் பழைய நூல்களின் காப்பிடமாயிற்று. புதிய கட்டடத்தில் இடமும் வசதியும் உண்டு, குறைகூறுவது நன்றியன்று. ஆயினும் அங்கே தலைநிமிர்ந்து பார்க்க ஒன்றுமில்லை.

கண்ணாடி தானே கெடுவது அரிது. அதைப் பிணைத்த ஈயம் சென்னை வெயிலில் தளரும். மரம் மழையில் ஊதும். கூரையைப் புதுப்பிக்கும்போது இவற்றைக் கருதிப் பொருள் செலவிடுவது முறையே. அவ்வாறு காக்கப்படும் கண்ணாடியின் கீழ் நாள்தோறும் வாசகர் அமரச் சில மேசைகளேனும் இடப்பட வேண்டும் என்பது நமது வேண்டுகோள். பேழையில் வைத்துப் பார்க்கும் பொருள்கள் அதே வளாகத்தில், அருங்காட்சியகத்தில் நிறைய உள்ளன. இந்தக் கூரையோ படிப்பவர் தலைக்குமேல் வைப்பதற்கென்றே செய்யப்பட்டது.