மதுரையிலிருந்து காயல் வரை: எங்கள் பயணங்களில் விடுபட்ட வரலாறு

போன டிசம்பர் விடுமுறைக்கு முன்பு எங்கள் பாடசாலையின் ஆசிரியர் ஓய்வறையில் சக ஆசிரியர் ஒருவர் கேட்டார்: "சேர், வீட்டாக்களோட மதுரைக்கும் நாகூருக்கும் போறம். உடுப்புக் கடையெல்லாம் விசாரிச்சு வெச்சிருக்கன். வேற பாக்கிறதுக்கு அங்க என்ன இருக்கு?"

கேள்வி சாதாரணமானதுதான். ஆனால் எனக்கு அது உறுத்தியது. தலைமுறை தலைமுறையாக நாம் அந்தக் கரைக்குப் போய் வருகிறோம். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியபோது ரயிலும் கப்பலும் மாறி ஏறிப் போனார்கள் எங்கள் மூத்தவர்கள். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை விழுங்கிய பிறகும் போனார்கள். இன்று ஒரு மணி நேர விமானப் பயணத்தில் மதுரையில் இறங்குகிறோம். நேர்ச்சை, வைத்தியம், கலியாண உடுப்பு என்று காரணங்கள் உண்டு. வரலாறு மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை.

ஏன் இல்லை? அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழர், மதத்தால் மட்டும் முஸ்லிம்கள் என்று வாதிட்டு ஒரு கட்டுரை எழுதினார். சட்டசபையில் முஸ்லிம்களுக்குத் தனிப் பிரதிநிதித்துவம் கேட்கப்பட்ட காலம் அது. ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் அதற்கு விரிவான மறுப்பு எழுதினார். மறுப்பு தேவையாக இருந்தது. ஆனால் அந்த விவாதம் நமக்குள் ஒரு பழக்கத்தையும் விட்டுப் போனது. அரேபியாவைச் சொல்லும்போது குரல் உயரும். காயலையும் கீழக்கரையையும் சொல்லும்போது குரல் தாழும். தென்னிந்தியக் கரையின் உறவை ஒப்புக்கொண்டால் நம் தனித்துவம் போய்விடும் என்ற பயம் அது. அந்தப் பயம் தேவையில்லை என்பதை அந்தக் கரையின் கற்களே காட்டுகின்றன. அதனால்தான் அந்தச் சக ஆசிரியருக்கு வாயால் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

புத்தளத்திலிருந்து போன பயணி

நம் வழிகாட்டியாக இப்னு பதூதாவை வைத்துக்கொள்வோம். 1344இல் மாலைதீவிலிருந்து இலங்கைக்கு வந்த அவர், புத்தளப் பக்கம் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். பாவாதமலை ஏறினார். பிறகு இங்கிருந்து கப்பலேறி மஃபர் என்று அரபிகள் அழைத்த தமிழகக் கிழக்குக் கரைக்குப் போனார். கரையை நெருங்கும்போது கப்பல் உடைந்தது. உயிர் தப்பியவரை வரவேற்றது மதுரை சுல்தானின் ஆட்சி. 1335 அளவில் டில்லியிலிருந்து பிரிந்து ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷா தொடங்கிய ஆட்சி அது. அவருடைய மகள் ஒருவரை இப்னு பதூதா டில்லியில் மணமுடித்திருந்தார். அப்போது ஆட்சியிலிருந்த கியாதுத்தீன் தாமகானியும் அதே குடும்பத்தில் பெண் எடுத்தவர். ஆகவே இது உறவினர் வீட்டுப் பயணம்.

அப்படியிருந்தும் அவர் எழுதியதைக் கவனியுங்கள். காட்டில் பிடிபட்ட மக்களை, பெண்களையும் பிள்ளைகளையும் கூட, சுல்தான் கொன்றதைத் தன் கண்ணால் கண்டதாக எழுதினார். வேறெந்த அரசனும் செய்து தாம் அறியாத இழிசெயல் அது என்றும், அதற்காகவே இறைவன் அவனுடைய முடிவை விரைவாக்கினான் என்றும் பதிந்தார். ஆண்டவன் முஸ்லிம், தன் உறவினன் என்பதற்காக அவர் மறைக்கவில்லை. வரலாறு எழுதும் நமக்கு இது ஒரு பாடம். ஏறக்குறைய 1378இல் அந்த ஆட்சி முடிந்துவிட்டது. நாற்பது சொச்ச வருட ஆட்சி அது. நம் உறவின் வேரை அந்த அரண்மனையில் தேடக்கூடாது. அதற்கு முன்பும் பின்பும் வணிகத்தாலும் மார்க்கக் கல்வியாலும் வாழ்ந்த கரையோர ஊர்களில்தான் தேட வேண்டும்.

மதுரை: இரண்டு நாள்

மதுரையில் இறங்கியவுடன் கடைத்தெருவுக்கு ஓடாமல் முதலில் காஜிமார் தெருவுக்குப் போங்கள். பெரியார் பஸ் நிலையத்துக்குப் பக்கம்தான். அங்குள்ள பெரிய பள்ளிவாசல் 13ஆம் நூற்றாண்டில், பாண்டியர் கொடுத்த நிலத்தில், காஜி செய்யித் தாஜுத்தீன் அவர்களால் அமைக்கப்பட்டது என்பது மரபு. மதுரை சுல்தான்கள் வருவதற்கு முன்பே இங்கு தொழுகை இருந்தது என்பதுதான் அந்த மரபின் சாரம். வைகையின் வடகரையில் கோரிப்பாளையம் தர்கா இருக்கிறது. இரண்டு சுல்தான்களின் அடக்கத்தலமாகச் சொல்லப்படும் அதன் பெரிய குவிமாடத்தை நின்று பாருங்கள். ஸியாரத் பற்றி நமக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அது இந்தக் கட்டுரையின் பொருளல்ல; கட்டடத்தைப் பார்க்க அந்த வேறுபாடு தடையுமல்ல.

மீனாட்சியம்மன் கோயிலின் கருவறைக்கு இந்துக்கள் அல்லாதோர் போக முடியாது. கைபேசியும் உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். அது அவர்களின் வணக்கத்தலம், மரியாதையோடு ஏற்றுக்கொள்வோம். ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக விரியும் வீதிகளில் காலையில் நடந்தாலே ஒரு பழைய நகரம் எப்படித் திட்டமிடப்பட்டது என்பது விளங்கும். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் 1636இல் கட்டப்பட்ட திருமலை நாயக்கர் மஹால். அதன் பெருந்தூண்களுக்கு மேலே வளைந்து நிற்கும் கமான்களைப் பாருங்கள். இந்து அரசன் தன் அரண்மனைக்கு இஸ்லாமியக் கட்டடக் கலையின் வளைவை எடுத்துக்கொண்டான். இதன் மறுபக்கத்தைக் கீழக்கரையில் பார்க்கலாம்.

கீழக்கரை: தூண்கள் பேசும் ஊர்

மதுரையிலிருந்து இராமநாதபுரத்துக்கு பஸ்ஸில் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து கீழக்கரை அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம். நம்மவர்கள் ஏர்வாடிக்குப் போகும் வழியில் இந்த ஊரை பஸ் ஜன்னலால் மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். இறங்குங்கள்.

இங்குள்ள ஜும்ஆப் பள்ளி 17ஆம் நூற்றாண்டினது. வள்ளல் சீதக்காதி என்ற ஷெய்கு அப்துல் காதிர் மரைக்காயரோடு சேர்த்துப் பேசப்படுவது. இறந்த பின்னும் கொடுத்தவர் என்று பழமொழியில் வாழும் அந்த மனிதர், சேதுபதி மன்னரின் நண்பர், கப்பல் வணிகர். பள்ளிக்குள் போனவுடன் ஒரு கோயில் மண்டபத்தில் நிற்பது போலிருக்கும். உயர்ந்த கல் அடித்தளம், வரிசையாகக் கருங்கல் தூண்கள், தூணின் தலையில் பூமொட்டுத் தொங்கும் போதிகைகள், மேலே தட்டையான கற்கூரை. ஒரே ஒரு வேறுபாடு: சிற்ப உருவம் ஒன்றுகூட இல்லை. உருவம் வர வேண்டிய இடத்தில் பூவும் கொடியும் கணித வடிவங்களும். திராவிடக் கட்டடக் கலையின் இலக்கணத்தை அப்படியே வைத்துக்கொண்டு, தௌஹீதுக்கு ஒவ்வாததை மட்டும் விட்டிருக்கிறார்கள். இந்தக் கரைப் பள்ளிகளை அளந்து ஆராய்ந்த மெஹ்ரதாத் ஷோகூஹி 2003இல் வெளியிட்ட நூல் இதைப் படங்களோடு விளக்குகிறது.

இலக்கியத்திலும் இதுதான் நடந்தது. சீதக்காதி ஆதரித்த உமறுப்புலவர், காப்பிய இலக்கணத்தில் நபிகளாரின் வரலாற்றைப் பாடினார். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள் கொண்ட சீறாப்புராணத்தை நம் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படிக்கிறார்கள். அதற்கு வழிகாட்டிய சதக்கத்துல்லா அப்பா அவர்கள் அடங்கியிருப்பதும் கீழக்கரையில்தான். 19ஆம் நூற்றாண்டில் இலங்கைக்கு அடிக்கடி வந்து அரபுத் தமிழில் மார்க்க நூல்களைப் பரப்பிய மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் 1898இல் மறைந்து இவ்வூரிலேயே அடங்கினார். உங்கள் மூத்தம்மா ஓதிய அரபுத் தமிழ் கிதாபு ஏதும் வீட்டுப் பெட்டியில் இருந்தால் அதைத் திறந்து பார்த்துவிட்டுப் பயணம் போங்கள். யாரைப் பார்க்கப் போகிறோம் என்பது விளங்கும்.

ஊரை விட்டு வரும்போது தொதல் வாங்க மறக்க வேண்டாம். நம்முடைய தொதலுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று வீட்டில் உம்மாவிடம் கேளுங்கள். முத்துக் குளிப்புக் காலங்களில் இந்த ஊரிலிருந்து மன்னார்க் கரைக்கு வந்து போன ஆட்களின் நினைவும் அந்த இனிப்பில் இருக்கிறது.

காயல்: பெண்களின் வீடு

கீழக்கரையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையால் தூத்துக்குடி போய், அங்கிருந்து காயல்பட்டினம் போகலாம். நேரமிருந்தால் எட்டயபுரம் சுற்றிப் போங்கள். உமறுப்புலவரின் அடக்கத்தலமும் பாரதியார் பிறந்த வீடும் ஒரே ஊரில் இருக்கின்றன. தமிழ் படித்தவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்!

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ 'காயில்' என்ற துறைமுகத்தைப் பற்றி எழுதினார். ஹோர்முஸ், ஏடன் போன்ற இடங்களிலிருந்து குதிரைகளோடு வந்த கப்பல்கள் அங்கு நின்றன. அது தாமிரபரணி முகத்துவாரத்துப் பழையகாயல் என்று கால்டுவெல் கருதினார். ஆறு மண்ணைக் கொண்டுவந்து துறையைத் தூர்க்க, கடல் விலகியது. வணிகம் இடம் மாறியது.

இன்றைய காயல்பட்டினத்தில் பழைய கற்பள்ளிகளோடு பார்க்க வேண்டியது தெருக்களை. வீடுகளுக்கு இடையில் பெண்கள் மட்டும் நடமாடும் ஒடுக்கமான சந்துகள் உண்டு. அவற்றுக்குள் ஆண்கள் நுழையக்கூடாது. தெரியாமல் படமெடுக்கவும் கூடாது. வீடு மகளுக்கு, கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து வாழ்வார். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் பிறந்த யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. அக்கரைப்பற்றில் நீண்டகாலம் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரேயும் இந்த ஒற்றுமையைக் கவனித்து எழுதியிருக்கிறார். எங்கள் வீட்டு வழக்கத்தின் உறவினரை ஐந்நூறு யார் தெருவுக்குள் கண்டுவிடலாம்.

நாகூர்: மன்னர் கட்டிய மினாரா

நாகூர் வடக்கே, தனிப் பயணமாக வைப்பது நல்லது. காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே 2023 அக்டோபரில் மீண்டும் தொடங்கிய கப்பலில் போகிறவர்களுக்கு அது பக்கத்து ஊர். காலநிலையால் சேவை நின்றுபோவதுண்டு, முன்கூட்டியே விசாரியுங்கள். அங்குள்ள ஐந்து மினாராக்களில் 131 அடி உயரமான பெரிய மினாராவைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப சிங். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் வருடாவருடம் ஏறும் கொடியின் தாய்வீடு இதுதான்.

சில நடைமுறைகள்

மூன்று தென் ஊர்களுக்கும் ஆறு நாள் போதும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை அந்தக் கரையில் மழை. ஜனவரி, பெப்ரவரி நல்ல காலம். விசாவை வீட்டிலிருந்தே இணையத்தில் எடுத்துக்கொள்ளலாம். தங்கும் விடுதிகளில் கேட்பார்கள், கடவுச்சீட்டு, விசாப் பிரதிகள் நாலைந்து கையில் இருக்கட்டும். பழைய பள்ளிகளுக்கு ஐவேளைத் தொழுகை முடிந்த கையோடு போங்கள். முஅத்தினிடமோ நிர்வாகத்திடமோ ஸலாம் சொல்லி அனுமதி கேட்டால் சந்தோஷமாகக் காட்டுவார்கள். பெண்கள் உள்ளே போகலாமா என்பது பள்ளிக்குப் பள்ளி வேறுபடும், முதலிலேயே கேட்டுவிடுங்கள். தூணில் எழுத்து இருந்தால் தொடாமல், மை பூசாமல், படம் மட்டும் எடுங்கள்.

கடைசியாக ஒன்று

கீழக்கரைப் பள்ளியின் தூணில் கை வைத்து நின்றபோது எனக்கு எங்கள் ஊர்ப் பள்ளி நினைவுக்கு வந்தது. நான் ஆறாம் தரம் படித்த வருடம் அதை உடைத்தார்கள். கை இரண்டாலும் கட்டிப்பிடிக்க முடியாத சுண்ணாம்புத் தூண்கள், ஓட்டுக் கூரை, பச்சைத் தண்ணீர் நிறைந்த ஹவுள். "பழசு, இடம் காணாது" என்றார்கள். இடம் காணாததும் உண்மைதான். பக்கத்தில் விரித்துக் கட்டியிருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. வாப்பாவும் மற்றவர்களைப் போலச் சீமெந்து மூட்டை கொடுத்தார். அந்த நாளில் அது நன்மையான காரியம். இன்று அந்த இடத்தில் பளிங்குத் தரையும் குவிமாடமும் நிற்கின்றன. அது எந்த நாட்டிலும் நிற்கக்கூடிய பள்ளி.

இந்த மண்ணில் நீங்கள் எப்போது வந்தீர்கள் என்று நம்மைக் கேட்கிற காலம் இது. பதிலாக ஏடுகளைத் தேடி ஓடுகிறோம். கைக்கெட்டும் தூரத்திலிருந்த பதிலை நாமே உடைத்துக் கொட்டினோம் என்பதை எந்தக் கூட்டத்திலும் பேசுவதில்லை. அந்தக் கரையிலும் பழைய பள்ளிகள் எல்லாம் தப்பவில்லை. தப்பியவை, யாரோ சிலர் "இது இருக்கட்டும்" என்று சொன்னதால் தப்பியவை.

சக ஆசிரியர் போன மாதம் திரும்பி வந்தார். கைபேசியில் உடுப்புக் கடைப் படங்களுக்கு நடுவே கீழக்கரைத் தூண் ஒன்றின் படமும் இருந்தது. "சேர், எங்கட பழைய பள்ளித் தூணும் இப்பிடித்தானே இருந்திச்சி?" என்று கேட்டார். இல்லை, அது சுண்ணாம்பு, இது கல் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவருடைய ஊரில் இன்னும் ஒரு பழைய பள்ளி நிற்கிறது. அடுத்த வருடம் அதைப் புதுப்பிக்க நிர்வாகம் பேசிக்கொண்டிருக்கிறதாம். உடைப்பதற்கு முன் ஒருமுறை அளந்து, படமெடுத்து, முடிந்தால் முன்மண்டபத்தையாவது விட்டுவைக்கச் சொல்லிக் கேட்பதாகச் சொன்னார்.