பெற்றோர் ஆசிரியர் கூட்டம்: நன்கொடையிலிருந்து உரிமைக்கு

தமிழ்நாட்டில் பெற்றோரைப் பள்ளியோடு பெருமளவில் இணைத்த முயற்சிகளுள் ஒன்று பள்ளிச் சீரமைப்பு மாநாடு. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலுவின் முன்முயற்சியால் 1958இல் இம்மாநாடுகள் தொடங்கின. ஊர் மக்கள் கூடிப் பள்ளிக்குக் கட்டடம், மேசை, நாற்காலி முதலியவற்றை வழங்கினர். பள்ளி தங்களுடையது என்ற எண்ணம் வளர்ந்தது. ஆனால் அங்கு முதன்மை பெற்றது பள்ளியின் தேவையே. ஒவ்வொரு பிள்ளையின் படிப்பையும் தனித்தனியே பேச அம்மேடை அமைக்கப்படவில்லை.

அக்குறையைச் சட்டம் பின்னர் கவனித்தது. 2009இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, பெற்றோருடன் முறையாகக் கூட்டம் நடத்துவதை ஆசிரியரின் கடமையாக்கியது. பிள்ளையின் வருகை ஒழுங்கு, கற்கும் திறன், கற்றலில் கண்ட முன்னேற்றம், தொடர்புடைய பிற செய்திகள் ஆகியவற்றைப் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும். மதிப்பெண் என்ற சொல் இப்பட்டியலில் இல்லை என்பது கருதத்தக்கது. 21ஆம் பிரிவின்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலர், பாதிப்பேர் பெண்கள்.

எனினும், தெரிவிப்பது ஒருவழிப் பேச்சு. பிள்ளை மாலையில் எங்கே அமர்ந்து படிக்கிறது, ஏன் பள்ளிக்கு வர மறுக்கிறது என்பது வீட்டாருக்கே தெரியும். மதிப்பெண் பட்டியலில் கையெழுத்து வாங்குவதோடு நில்லாமல், அதையும் ஆசிரியர் கேட்டறியும்போதே கூட்டம் பயன் தரும்.