பூந்தமல்லியிலிருந்து ஜித்தாவுக்கு: அன்று ஒன்றரை ஆண்டு, இன்று ஆறு மணி நேரம்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் ஹஜ்ஜுக்குப் பெயர் வந்துவிட்ட வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: "விமானம் எத்தனை மணி நேரம்?" சென்னை விமான நிலையத்திற்கும் ஜித்தா விமான நிலையத்திற்கும் இடைப்பட்ட வான்வழித் தொலைவு ஏறத்தாழ 4,440 கிலோமீட்டர். இடையில் நில்லாத விமானம் சுமார் ஆறு மணி நேரத்தில் சென்றடையும். சவூதி நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி பின்னுள்ளதால், காலை 10 மணிக்குப் புறப்பட்டவர் அங்கே பிற்பகல் ஒன்றரை மணி அளவில், லுஹருடைய வக்திலேயே இறங்கிவிடலாம்.

இதே பயணம் நம் முன்னோருக்கு எவ்வாறு இருந்தது?

பூந்தமல்லியின் பழைய பள்ளிவாசல் 1653-இல் கட்டப்பட்டது. அப்போது இப்பகுதி கோல்கொண்டா சுல்தான் அப்துல்லாஹ் குதுப்ஷாவின் ஆட்சியில் இருந்தது. பள்ளியைக் கட்டிய ருஸ்தும், ஈரானின் அஸ்தராபாத்தைச் சேர்ந்த துல்ஃபிகாரின் மகன். கோல்கொண்டாவின் பெருந்துறைமுகமான மசூலிப்பட்டினத்திலிருந்து துணிமூட்டைகளோடு ஹாஜிகளையும் ஏற்றிக்கொண்டு கப்பல்கள் செங்கடலுக்குச் சென்று வந்தன.

கப்பலைச் செலுத்தியது காற்று. வடகிழக்குப் பருவக்காற்றில் போக வேண்டும். தென்மேற்குக் காற்றில் திரும்ப வேண்டும். காற்று சூரிய ஆண்டைப் பின்பற்றும். ஹஜ்ஜோ பிறைக்கணக்கைப் பின்பற்றும். இரண்டும் எப்போதும் பொருந்துவதில்லை. 1653-இல் ஹஜ் அக்டோபர் இறுதியிலும் நவம்பர் தொடக்கத்திலுமாக அமைந்தது. ஆண்டின் தொடக்கத்தில் கப்பலேறியவர், ஹஜ்ஜுக்காகப் பல மாதங்கள் அங்கே காத்திருக்க வேண்டும். ஹஜ் முடியும்போது திரும்புவதற்குரிய காற்று ஓய்ந்திருக்கும். அடுத்த ஆண்டின் காற்றுக்காக மீண்டும் காத்திருந்து ஊர் சேர, ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு ஆகிவிடும்.

நீராவிக் கப்பல்கள் வந்தபின் காற்றுக்காகக் காத்திருக்கும் நிலை மாறியது. பம்பாய் வரை ரயில், அங்கிருந்து ஜித்தாவுக்குக் கப்பல் என்று பயணம் சில வாரங்களாகச் சுருங்கியது. இந்தியாவிலிருந்து ஹஜ்ஜுக்கான கப்பல் போக்குவரத்து 1995-இல் நின்றது. பின்னர் விமானமே வழியாயிற்று. 2022-இல் சென்னை புறப்பாட்டு இடமாக இல்லாததால், தமிழக ஹாஜிகள் கொச்சி சென்று விமானம் ஏறினர். 2023-இல் சென்னைக்கு அவ்வசதி மீண்டும் கிடைத்தது. அந்த அலைச்சலைக் கண்ட நாம், பூந்தமல்லியிலிருந்து ஒரு மணி நேரத்தில் விமான நிலையத்தை அடைவது எத்தகைய நிஃமத் என்பதை உணர்ந்தோம்.

பயண நேரம் குறைந்ததுபோல் பயணத்தின் ஆயத்தம் குறையலாமா? திரும்பி வருவது உறுதியில்லை என்பதால் அக்காலத்தவர் கடனைத் தீர்த்து, வஸிய்யத் எழுதி, மனம் நோகச் செய்தவர்களிடம் நேரில் சென்று மன்னிப்புக் கேட்டுப் புறப்பட்டனர். இன்று அப்பணிகளைக் கடைசி வாரத்துப் பெட்டி கட்டுதலுக்கு இடையே முடித்துவிட எண்ணுகிறோம். கப்பலில் சென்றோர்க்கு மீக்காத் எல்லை நெருங்குமுன் ஆயத்தமாக நாட்கள் இருந்தன. விமானமோ அவ்வெல்லையைச் சில நொடிகளில் கடந்துவிடும். ஆகவேதான் நேரே மக்கா செல்வோர் சென்னையிலேயே இஹ்ராம் உடை அணிந்துகொள்கின்றனர்.

உடைக்கு முன்கூட்டிய ஆயத்தம் இருப்பதுபோல் உள்ளத்திற்கும் இருக்கட்டும். அண்டை வீட்டாரோடு பேச்சு நின்றுபோயிருந்தால், அந்தச் சில அடித் தொலைவை முதலில் கடப்போம். ஆறு மணி நேரப் பயணத்தையும் அல்லாஹ் கபூல் செய்வானாக, ஆமீன்.