சக்கரத்தின் சுழியங்கள்

விடுமுறைப் பயணம் புறப்படும் குடும்பத்தலைவர் பேருந்துக் கட்டணம் எவ்வளவு, அறை வாடகை எவ்வளவு, காலையுணவு அதில் அடங்குமா என்றெல்லாம் கணக்குப் பார்ப்பார். பத்து வெள்ளி மிகுமாயின் வேறு விடுதியை நாடுவார். அவரே சூதாட்ட விடுதியில் ரூலெட் சக்கரத்தின் முன் நிற்கும்போது அக்கணக்கு எங்கே மறைந்துவிடுகிறது? இவ்வினாவுக்கு அச்சக்கரத்தின் வரலாறே விடை கூறும்.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸ் நகரத்துச் சக்கரங்களில் 36 எண்களோடு ஒற்றைச் சுழியமும் இரட்டைச் சுழியமும் சேர்ந்து 38 குழிகள் இருந்தன. ஓர் எண்ணின்மீது ஒரு காசு வைத்து வென்றவர், வைத்த காசோடு 36 காசு பெறுவார். எல்லாக் குழிகளுக்கும் ஒவ்வொரு காசு வைப்போமாயின் செலவு 38, வரவு 36. எஞ்சும் இரண்டு காசே விடுதியின் ஊதியம். அது நூற்றுக்கு 5.26 ஆகும்.

1837ஆம் ஆண்டின் இறுதியோடு பிரான்சு தன் சூதாட்ட விடுதிகளை மூடிற்று. பின்னர் பிரான்சுவா பிளாங், லூயி பிளாங் என்னும் உடன்பிறப்புகள் ஜெர்மானிய நகரமாகிய ஹோம்பர்க்கில் விடுதி நடத்தினர். பிற விடுதிகளோடு போட்டியிடும் பொருட்டு 1843இல் அவர்கள் இரட்டைச் சுழியத்தை நீக்கினர். விடுதியின் பங்கு நூற்றுக்கு 2.70 ஆகக் குறைந்தது. சுழியத்தைக் கண்டுகொள்வோர் இருந்தமையாலன்றோ அதனைக் குறைப்பது வணிக உத்தியாயிற்று! 1863இல் பிரான்சுவா பிளாங் மாண்டி கார்லோவின் பொறுப்பை ஏற்றார். அங்கும் ஒற்றைச் சுழியமே நிலைத்தது.

அமெரிக்காவிலோ இரட்டைச் சுழியம் நீங்கவில்லை. நெவாடா மாநிலம் 1931இல் சூதாட்டத்திற்குச் சட்ட ஒப்புதல் அளித்தது. லாஸ் வேகாஸ் நெடுஞ்சாலையில் 1941இல் எல் ராஞ்சோ வேகாஸ் விடுதி எழுந்தது. மலிவான அறையும் வயிறார உணவும் காட்டிப் பயணியரை வரவழைத்து, அச்செலவை மேசையில் மீட்டுக்கொள்வது அந்நகரின் வழக்கமாயிற்று. பயணிகள் உணவின் விலையை அறிந்தனர்; சக்கரத்தின் விலையை அறிந்திலர்.

2016இல் அந்நகரின் வெனீஷியன் விடுதி மூன்று சுழியங்கள் கொண்ட சக்கரத்தை வைத்தது. விடுதியின் பங்கு 7.69 ஆக உயர்ந்தது. சுற்றுக்கு 10 டாலர் வீதம் மணிக்கு 40 சுற்று ஆடுவோர், சராசரியாக ஒற்றைச் சுழியத்தில் 11 டாலரும், இரட்டைச் சுழியத்தில் 21 டாலரும், மூன்று சுழியத்தில் 31 டாலரும் இழப்பர். ஆயினும் அத்தகைய சக்கரங்கள் பிற விடுதிகளுக்கும் பரவினவேயன்றிக் குறையவில்லை.

பயணிகள் அறிவிலிகள் என்பது இதன் பொருளன்று. ஓரிரவின் வெற்றியும் தோல்வியும் கடலலைபோல் ஏறி இறங்குவன. அவற்றினிடையே நூற்றுக்கு இரண்டு மூன்று காசு வேறுபாடு கண்ணுக்குப் புலப்படாது. பல்லாயிரம் சுற்றுகளைக் கூட்டிப் பார்க்கும் விடுதிக்கே அது தெளிவாகத் தெரியும். ஜாக்பாட் இயந்திரங்களைப் பற்றி நெவாடா பல்கலைக்கழகப் பேராசிரியர் அந்தோணி லூகாஸ் முதலியோர் 2010களில் செய்த ஆய்வுகளும் இதற்கு அரண் செய்கின்றன. விடுதியின் பங்கு வேறுபட்டும் தோற்றத்தால் ஒத்திருந்த இயந்திரங்களுள், அடிக்கடி வந்து ஆடுவோர்கூடக் குறைவாகத் தருவதை இனங்கண்டு விலகிச் செல்லவில்லை. அங்ஙனமாயின், ஆண்டுக்கொரு முறை வருவோரைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ?

சிங்கப்பூரில் 2010இல் இரு சூதாட்ட விடுதிகள் திறக்கப்பெற்றபோது, குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே செல்ல 100 வெள்ளி தீர்வை விதிக்கப்பட்டது. 2019இல் அது 150 வெள்ளியாயிற்று. வாயிலில் கேட்கப்படும் அத்தொகை எவரையும் ஒருகணம் நின்று சிந்திக்க வைக்கும். வெளிநாட்டுப் பயணிக்கோ அத்தீர்வை இல்லை. கட்டணமின்றி நுழைந்தோம் என அவர் மகிழ்கிறார். ஆனால் அவருக்குரிய கட்டணம் சக்கரத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஆட்டத்தை அறவே விலக்குவது மேன்மை. விலக்க இயலாதவர், அறை வாடகையைக் கேட்டறிந்ததுபோல், காசு வைக்குமுன் சுழியங்களையேனும் எண்ணிப் பார்ப்பாராக.