கயிறும் கரகமும்

குறுந்தொகையின் 7-ஆம் பாட்டிலேயே பறை முழங்க ஆரியர் கயிற்றில் ஆடுகிறார்கள். கழைக்கூத்துக்கு அவ்வளவு வயது! பள்ளிக்கூடம் கிடையாது, பெற்றோரே வாத்தியார், தெருவே களம். குட்டிக்கரணம்தான் முதல் பாடம்.

மதுரை வட்டாரத்தில் கொண்டாடப்படும் கரகாட்டத்துக்குப் பயிற்சியே வேறு. தலையில் கனத்த செம்பு. கழுத்து ஆடக் கூடாது. இடுப்பை மெல்ல மெல்லப் பின்னுக்கு வளைத்து, தரையில் கிடக்கும் ஊசியைக் கண்ணிமையால் எடுக்க வேண்டும். இங்கே வேகம் எதிரி.

தஞ்சைப் பெரிய கோயிலில் 81 நடனக் கரணங்கள் செதுக்கப்பட்டுள்ளன. சிதம்பரம் கோபுரத்தில் 108. அவற்றில் சில, சர்க்கஸ்காரரையே திணறடிக்கும்.

அமெரிக்காவில் 1898-ல் பிறந்த சியர்லீடிங்கோ கழைக்கூத்துக்குத்தான் பங்காளி. மெத்தைத் தளத்தில் ஓடிவந்து, எம்பி, சுழன்று, குழுவே ஒரே நொடியில் காலூன்றப் பழகுகிறார்கள். நடனக்காரருக்கு அந்த ஓட்டமும் கிடையாது, மெத்தையும் கிடையாது. தாளம் தப்பாமல் பல்டி அடித்து அடுத்த அடவுக்குப் போயாக வேண்டும்.