கிரிக்கெட் திடலில் கால்பந்து

ஒரு விளையாட்டுக்கென அமைந்த திடலில் இன்னொரு விளையாட்டின் போட்டியை நடத்தும் வழக்கங்களுள் பழமையும் பரவலும் மிக்கது கிரிக்கெட் திடலில் கால்பந்து ஆடுவது. லண்டனின் ஓவல் முதல் பாளையங்கோட்டைக் கல்லூரித் திடல்கள் வரை இதற்கு எடுத்துக்காட்டுகள் உண்டு.

தோற்றம்

1870களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் கால்பந்துக்கென்று பெரிய அரங்கு கிடையாது. வேலி, நுழைவாயில், சமப்படுத்திய புல்தரை, கனவான்கள் அமரக் கூடம் என எல்லாம் கிரிக்கெட் சங்கங்களிடமே இருந்தன. கிரிக்கெட் கோடைக்கால ஆட்டமாதலால் குளிர்காலத்தில் அந்தத் திடல்கள் சும்மா கிடந்தன. இரண்டையும் இணைத்தவர் சார்லஸ் ஆல்காக். 1870 முதல் கால்பந்துச் சங்கத்தின் (எஃப்.ஏ.) செயலாளராக இருந்த அவர், 1872இல் ஓவல் திடலைத் தன் இடமாகக் கொண்ட சர்ரே கிரிக்கெட் சங்கத்துக்கும் செயலாளரானார். அதே ஆண்டு மார்ச் 16 அன்று முதல் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டம் ஓவலில் நடந்தது. சுமார் 2,000 பேர் பார்த்தனர். ஆல்காக் தலைமையேற்று ஆடிய வாண்டரர்ஸ் அணி, ராயல் இன்ஜினியர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் அணியை 1-0 என வென்றது. அந்த ஒரே கோலை அடித்த மார்ட்டன் பெட்ஸ், ஏ. எச். செக்கர் என்ற புனைபெயரில் ஆடினார்.

அதே ஆண்டு நவம்பர் 30 அன்று ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் இடையே நடந்த முதல் அதிகாரபூர்வ சர்வதேசக் கால்பந்துப் போட்டியும் கிளாஸ்கோவை அடுத்த பார்ட்டிக்கில், ஒரு கிரிக்கெட் சங்கத் திடலில்தான் நடந்தது. யாரும் கோல் அடிக்கவில்லை. 1873 நீங்கலாக 1892 வரை எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டங்கள் ஓவலிலேயே நடந்தன. இங்கிலாந்து மண்ணின் முதல் டெஸ்ட் போட்டியும் 1880இல் அங்குதான் நடந்தது. அதை ஏற்பாடு செய்தவரும் ஆல்காக்கே.

ஆஸ்திரேலியாவில் கிரிக்கெட் வீரர்கள் குளிர்காலத்தில் உடல் தளராதிருக்க ஒரு பந்தாட்டம் வேண்டுமென்று டாம் வில்ஸ் 1858இல் எழுதினார். அதிலிருந்து வளர்ந்த ஆஸ்திரேலியக் கால்பந்தின் தலைமை அரங்காக இன்றும் இருப்பது மெல்பர்ன் கிரிக்கெட் மைதானம்.

அமெரிக்காவில் கிரிக்கெட்டின் இடத்தில் பேஸ்பால் இருக்கிறது. அங்கே கல்லூரி அணிகள் ஆடும் அமெரிக்கக் கால்பந்தை, அதாவது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டத்தை, பேஸ்பால் அரங்கில் நடத்துவது பெரிய திருவிழா. சிகாகோவின் ரிக்லி ஃபீல்டில் 2010 நவம்பர் 20 அன்று இல்லினாய், நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகங்கள் மோதின. கிழக்கு எல்லை செங்கல் சுவரை ஒட்டி அமைந்துவிட்டதால், வீரர்கள் அதில் மோதிக்கொள்ளாதிருக்க, இரண்டு அணிகளும் மேற்குத் திசை நோக்கி மட்டுமே தாக்க வேண்டும் என விதியை மாற்றினர். இல்லினாய் 48-27 என வென்றது.

இந்தியாவில்

கல்கத்தாவில் கால்பந்து மழைக்காலத்துக்கும் கிரிக்கெட் குளிர்காலத்துக்கும் உரியவை. ஈடன் கார்டன்ஸில் 1977 செப்டம்பர் 24 அன்று பெலே ஆடிய நியூயார்க் காஸ்மாஸ் அணியுடன் மோகன் பகான் 2-2 எனச் சமன் செய்தது. மூன்றே ஆண்டுகளில், 1980 ஆகஸ்ட் 16 அன்று, அதே அரங்கில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தின்போது மூண்ட கலவரத்திலும் நெரிசலிலும் 16 ரசிகர்கள் உயிரிழந்தனர். இரு தரப்பு ரசிகர்களையும் பிரிக்காமல் ஒன்றாக அமரவைத்தது இந்தக் கொடுமைக்கு ஒரு காரணம். 1984இல் சால்ட் லேக் அரங்கம் திறக்கப்பட்ட பின் பெரிய கால்பந்து ஆட்டங்கள் அங்கே சென்றன.

சென்னையில் நிலைமை தலைகீழ். இன்று கால்பந்து நடக்கும் நேரு விளையாட்டரங்கின் இடத்தில் முன்பிருந்த மாநகராட்சி அரங்கில், 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் குவித்தனர். அது 2008 வரை உலகச் சாதனை. கொச்சியில் 2018இல் ஒருநாள் போட்டிக்காகக் கால்பந்துப் புல்தரையைத் தோண்டும் திட்டம் எதிர்ப்பைச் சந்தித்து, போட்டி திருவனந்தபுரத்துக்கு மாறியது. அதுவே நியாயமான முடிவு.

அளவும் தரையும்

கால்பந்துத் திடல் வழக்கமாக 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். ஆடவர் சர்வதேசக் கிரிக்கெட்டில் எல்லைக்கோடு ஆடுகளத்தின் நடுவிலிருந்து குறைந்தது 59 மீட்டர் தள்ளியிருக்கும். ஆகவே பக்கவாட்டில் அமர்பவர் பக்கக்கோட்டிலிருந்து 25 மீட்டருக்கு மேல் விலகியே உட்கார வேண்டும். எதிர்ப்பக்கத்தில் நடக்கும் ஃபவுல் அவர் கண்ணுக்குத் தெளிவாகப் படாது. நடுவே 20 மீட்டர் நீளத்துக்குக் களிமண் இறுக்கி உருட்டிய பிட்ச். அங்கே பந்து சட்டென்று எழும்பும்; விழுந்தால் முழங்கால் தோல் உரியும்; மழை பெய்தால் வழுக்கும். பூட்ஸ் ஆணிகள் பிட்சைக் கெடுக்கும் என்ற கிரிக்கெட் தரப்பின் புகாரும் உண்மையே.

பாளையங்கோட்டையில்

ராணுவப் பாளையமாகவும் மிஷனரிக் கல்வி நகரமாகவும் விளங்கிய பாளையங்கோட்டைக்குப் பந்தாட்டம் அந்த இரண்டு வழிகளிலும் வந்து சேர்ந்திருக்கலாம். 1923இல் தொடங்கிய தூய சவேரியார் கல்லூரி, அதற்கும் மூத்த தூய யோவான் கல்லூரி, 1971இல் தொடங்கிய சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி ஆகியவை இங்குள்ளன. கல்லூரித் திடல் என்றால் இரு முனைகளில் கோல் கம்பம், நடுவில் மேட் விரிக்கும் பிட்ச், சுற்றிலும் சுண்ணாம்புக் கோடு; எல்லா ஆட்டமும் அதற்குள்தான். வெயில் தாழ்ந்த பிறகு தொடங்கும் ஆட்டத்தைப் பார்க்க வருவோர் எல்லைக்கோட்டை ஒட்டியே நிற்பதால், ஈடனில் கிடைக்காத நெருக்கம் இங்கே கிடைக்கிறது.

1990 முதல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இப்பகுதிக் கல்லூரிகளை இணைக்கிறது. 2016 முதல் திருநெல்வேலியை அடுத்த சங்கர் நகர் இந்தியா சிமெண்ட்ஸ் திடலில் தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட் நடந்துள்ளது.

1872இல் கோலடித்தவரின் புனைபெயர் வரை இன்று தெரிவது, அன்றைய பதிவுகள் காக்கப்பட்டதால். பாளையங்கோட்டைக் கல்லூரிகளும் தங்கள் ஆண்டு மலர்களையும் உடற்கல்வித் துறைப் பதிவேடுகளையும் தொகுத்து வெளியிட வேண்டும்.